பிள்ளைக்கும் உரம் அளவாகத்தான்

நெற்பயிருக்குத் தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் என்ன ஆகும் என்பது தென்காசி வட்டார விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். வரப்பில் போகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் குலைநோயும் புகையானும் முதலில் தேடி வருவது அந்த வயலைத்தான். கதிர் முற்றும் சமயத்தில் ஒரு காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும். வெறும் பச்சையைப் பார்த்து அனுபவமுள்ள விவசாயி ஏமாறுவதில்லை.

வீட்டுப் பிள்ளை விஷயத்தில்தான் ஏமாற்றம் நேர்ந்துவிடுகிறது. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையை "நல்ல ஊட்டமான பிள்ளை" என்று ஊரே மெச்சுகிறது. உயரத்துக்கு மீறிய எடை ஊட்டம் அல்ல. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி ஆகியவற்றுக்கு அது சிறு வயதிலேயே ஊன்றப்படும் விதையாகும்.

பட்டணத்து நோய் மட்டும் அல்ல

உடல் பருமன் பணக்காரர் வீட்டு நோய், பட்டணத்து நோய் என்ற எண்ணம் கிராமங்களில் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள்; சுமார் 4 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆனால் அதே கணக்கெடுப்பில் வயது வந்த பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அதிக எடை கொண்டவர்கள்.

மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இரண்டையும் கவனிக்க வேண்டும். 4 பேருக்கும் 40 பேருக்கும் இடையே இருப்பது பள்ளிப் பருவமும் இளமைப் பருவமும். தின்பண்டப் பழக்கம் வேர் பிடிப்பது அந்தப் பருவத்தில்தான்.

காய் போகிறது, பொட்டலம் வருகிறது

ஆலங்குளம், சுரண்டை பகுதிகளில் விளையும் கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய் பாவூர்சத்திரம் சந்தைக்கு வருகின்றன. அங்கிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. காயை விற்ற காசில் வீட்டுக்கு வருவது, பல சமயம், பிள்ளைக்கு ஒரு சிப்ஸ் பொட்டலமும் ஒரு பாட்டில் குளிர்பானமும். 200 மில்லி குளிர்பானத்தில் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது நாலைந்து தேக்கரண்டிச் சர்க்கரை கரைந்திருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். அருவியில் குளித்த பசிக்குப் பரோட்டா, எண்ணெய்ப் பலகாரம், சிப்ஸ். அதே சாலையோரத்தில் மலையில் விளைந்த மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றன. பிள்ளையின் கை எதை நோக்கி நீள்கிறது என்பது வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது.

உழைப்பும் குறைந்துவிட்டது. நடந்து பள்ளிக்குப் போன பிள்ளை வேனில் போகிறது. மாலையில் கிளித்தட்டு விளையாடிய களம் வெறிச்சோடிக் கிடக்கிறது; கைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தராசு பிடித்த பெண்கள்

பிள்ளைகளின் எடையை ஊரே கவனிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உலக வங்கி உதவியுடன் 1980இல் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடத்திப் பார்த்து, பின்னர் பல மாவட்டங்களுக்கு விரிவாக்கினார்கள். இதை முன்நின்று நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். மாதந்தோறும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தராசில் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்தார்கள். புள்ளி மேலே ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். தாய்மாருக்குப் புள்ளியைக் காட்டி விளக்கினார்கள். கடுமையான ஊட்டக்குறைவு அந்த ஊர்களில் குறைந்தது.

மருந்தை விட, அளந்து பார்த்து, உரிய நேரத்தில் தாயிடம் எடுத்துச் சொல்ல ஒரு உள்ளூர்ப் பெண் இருந்ததே அங்கு பலன் தந்தது. அன்று மெலிவைக் கண்டுபிடித்த தராசு இன்று பருமனையும் கண்டுபிடிக்க உதவும். ஆனால் எடை மட்டும் போதாது. உயரத்தையும் அளக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்பதை அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஊர் கூடினால்

பிரான்ஸ் நாட்டின் வடபகுதியில் ஃப்ளர்பே, லவாந்தி என்று இரண்டு சிற்றூர்கள் உள்ளன. 1992இல் அங்குள்ள பள்ளிகளில் உணவைப் பற்றிய பாடம் தொடங்கியது. முதல் ஆண்டுகளில் பலன் தெரியவில்லை. பின்னர் ஊர்த் தலைவர்கள், மருத்துவர்கள், கடைக்காரர்கள், விளையாட்டுச் சங்கத்தார் எல்லோரும் சேர்ந்தார்கள். 2004இல் அவ்வூர்க் குழந்தைகளில் 100க்கு சுமார் 9 பேருக்கே அதிக எடை இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஊர்களில் இது சுமார் 18.

நம் ஊர்களில் இதற்கு ஊராட்சித் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு, சுய உதவிக் குழுப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் முன்வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில், சாலை, குடிநீரோடு பிள்ளைகள் விளையாட ஓர் இடமும் கேட்கலாம். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு விதி வந்துள்ளது. இதைப் பெட்டிக்கடைக்காரரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். கடலை மிட்டாய், சுண்டல், கொய்யா, வாழைப்பழம் வைத்தால் அதுவும் விற்கும் என்று எடுத்துச் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டை ஒட்டி ஒரு சென்ட் இடம் இருந்தால் போதும். முருங்கை ஒன்று, பப்பாளி இரண்டு, கீரைப் பாத்தி, கொத்தவரை, வெண்டை என்று வைக்கலாம். குளியல் தண்ணீரை வாழைக்குத் திருப்பலாம்.

சந்தைக்குப் போகும் மூட்டையில் வீட்டுக்கான காயை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

தாகத்துக்குத் தண்ணீரும் நீர்மோரும். 2 வயது வரை குழந்தை உணவில் சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

தினமும் குறைந்தது 1 மணி நேரம் பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பருத்த பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. "குண்டு" என்று கேலி செய்யவும் கூடாது. வளரும் வயதில் எடை கூடாமல் பார்த்துக்கொண்டாலே, உயரம் ஏற ஏற உடல் சீராகிவிடும். எடை மிக அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டு முறைக்கு மாற வேண்டும். தகப்பன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே மகனைத் தடுத்தால் எடுபடாது.

களையை இரண்டு இலைப் பருவத்தில் எடுத்தால் கையால் எடுத்துவிடலாம். வேர் ஓடவிட்டால் மண்வெட்டி வேண்டும். பிள்ளைகளின் பழக்கமும் அப்படியே.