மஞ்சள் தடவிப் பாருங்கள்

முள்ளுக்குறிச்சியில் ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "கரியமில வாயுவைச் சிமென்ட் கல்லுக்குள் பூட்டி வைக்கலாமாமே, எங்கள் கல்லில் நடக்குமா?" நடக்கும் ஐயா. அச்சிலிருந்து எடுத்து அடுக்கிய நாள்முதல் உங்கள் கல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக.

100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். உலகின் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் கணக்கில் ஏறுவதற்கு இதுவும் சூளைக்கு எரிக்கும் எரிபொருளும்தான் காரணம். போனதில் ஒரு பங்கு பிறகு திரும்பி வருகிறது. என் பாட்டி வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவில் எப்போதும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வைப்பார். மறந்தால் மேலே ஆடை கட்டி, காரம் போய், கல்லாகிவிடும். காற்றிலுள்ள வாயுவைக் குடித்துச் சுண்ணாம்பு மறுபடி சுண்ணாம்புக்கல்லாவதுதான் அது. உலகம் முழுக்க உள்ள கட்டடங்களில் இதே வேலை ஓசையில்லாமல் நடக்கிறது. 1930 முதல் 2013 வரை சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியேறிய வாயுவில் சுமார் 43 சதவீதத்தைச் சிமென்ட் பொருள்கள் திரும்ப உறிஞ்சியிருக்கும் என்று 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. எரிபொருள் புகை இந்தக் கணக்கில் சேராது.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. எனக்குப் பிடித்த வேடிக்கையும் இதுதான். பொறியாளர்கள் உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலின் தெளிப்பார்கள். காரம் மிச்சமிருக்கும் உள்பகுதி ரோஜா நிறமாகும். வாயு குடித்து முடித்த ஓரம் நிறமற்று நிற்கும். நமக்குப் பினாப்தலின் எதற்கு? ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கிறதே, அதே ரசாயனம் போதும். பக்கத்து நாமகிரிப்பேட்டை மஞ்சளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, பழைய கல் ஒன்றை அப்போதே உடைத்து அந்த முகத்தில் தடவுங்கள். நடுவில் செக்கச்செவேல் என்று இருக்கும். ஓரத்தில் சிவப்பு மங்கும். பினாப்தலின் அளவுக்குக் கோடு தெளிவாக விழாது, ஆனாலும் வாயு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான்கு மடங்கு காலம் ஆனாலும் அது இரண்டு மடங்கு ஆழம்தான் போகும்.

கம்பி கட்டிய தூணில் இந்தக் குடி ஆபத்து. கான்கிரீட்டின் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காரம் போய் ஈரமும் சேர்ந்தால் துருப்பிடித்து ஊதி, கான்கிரீட் பெயர்ந்து விழும். ஹாலோ பிளாக்கில் கம்பி கிடையாது. அதனால் வாயு ஏற்றுவதற்குத் தோதான பொருள் உங்களுடையதுதான். மூடிய அறையில் கல்லை அடுக்கிக் கரியமில வாயுவைச் செலுத்தினால், நாள்கணக்கில் தண்ணீர் விட்டு வரும் வலுவில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே வந்துவிடும். கனடாவின் கார்பன்கியூர் நிறுவனம் கலவை போடும்போதே வாயுவைச் செலுத்துகிறது. அதில் தங்கும் வாயு கொஞ்சம்தான். வலு கூடுவதால் சிமென்ட்டைக் குறைக்கலாம் என்பதே பெரிய லாபம். நம் பக்கத்திலும் டால்மியா சிமென்ட் தன் அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கத் திட்டமிட்டிருப்பதாக 2019-ல் அறிவித்தது.

சிலிண்டர் வாங்கிக் கொட்டகையில் திறந்துவிட்டுப் பார்க்காதீர்கள். மூச்சு முட்டி ஆள் போய்விடும். அதைவிடச் சுலபமான வேலை ஒன்று உண்டு. உடைந்த கல்லையும் இடித்த வீட்டின் கான்கிரீட்டையும் டிராக்டரில் ஏற்றி ஏரிக்குள் கொட்டுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஏரியும் தூர்ந்துபோகிறது; நீரில் ஊறிய கான்கிரீட்டுக்குள் வாயுவும் எளிதில் நுழையாது. அதே கழிவைப் பொடிசாக உடைத்துக் காற்றாடப் பரப்பினால், முழுக்கட்டடமாக நின்றபோது குடித்ததைவிட வேகமாகக் குடிக்கும். கம்பியை உருவி எடைக்குப் போடுங்கள். மிச்சத்தைக் கிரஷருக்கு அனுப்புங்கள்.