வெறுங்காலால் வியக்க வைத்த வீரர்!

தர்மபுரி மாவட்டத்தில் அறுவடை முடிந்த வயல்களிலே சிறுவர்கள் பந்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பலருடைய காலில் செருப்புக்கூட இராது. "பூட்ஸ் இல்லாமல் என்ன ஆட்டம்?" என்று கேலி செய்பவர்களும் உண்டு.

அப்படிக் கேலி செய்பவர்கள் முகமது சலீமின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்கத்தா வீரர்

சலீம் கல்கத்தாக்காரர். அந்த நகரில் வெறுங்கால் ஆட்டம் புதிதல்ல. 1911-ம் ஆண்டிலேயே மோகன் பகான் அணி, பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள்தான்!

சலீம் ஆடியது முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில். 1934 முதல் 1938 வரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற அணி அது.

கப்பல் பயணம்

1936-ம் ஆண்டு. வெளிநாட்டில் இருந்த உறவினர் ஒருவர், சலீமின் திறமையைக் கண்டு, "நீ சீமைக்கு வா" என்று அழைத்தார். சலீம் கப்பல் ஏறினார். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே செல்டிக் என்ற பெயர் பெற்ற கிளப் இருந்தது. சம்பளத்துக்கு ஆடும் வீரர்களைக் கொண்டது. அந்த ஆண்டின் ஸ்காட்லாந்து லீக் சாம்பியனும் அதுதான்.

"இவர் பூட்ஸ் போடமாட்டார். வெறுங்காலுடன்தான் ஆடுவார்" என்றதும் நிர்வாகி வில்லி மாலி திகைத்தார். ஆனாலும் ஆடிக் காட்டச் சொன்னார். சலீம் ஆடினார். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்!

காலில் துணிக்கட்டு

செல்டிக்கின் இரண்டாவது அணியில் சலீமுக்கு இடம் கிடைத்தது. பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஹாமில்டன் அணியை 5-1 என்றும், கால்ஸ்டன் அணியை 7-1 என்றும் செல்டிக் வென்றது. அந்த 7 கோல்களில் 3 கோல்கள் சலீம் கடத்திக் கொடுத்த பந்தினால் விழுந்தவை. அவருடைய கால் வித்தையைப் பத்திரிகைகள் புகழ்ந்தன.

நம் நாடு அடிமைப்பட்டுக் கிடந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஊர் ஏக்கம்

தொடர்ந்து ஆடும்படி செல்டிக் கேட்டது. ஆனால் சலீமை ஊர் நினைவு வாட்டியது. பணமும் புகழும் அவரை நிறுத்த முடியவில்லை. அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு 5 பங்கு கொடுக்க கிளப் முன்வந்தது. "அதை அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கல்கத்தா திரும்பினார். மறுபடியும் பழைய அணியிலேயே ஆடினார்.

காசாக்காத பணம்

பல ஆண்டுகள் சென்றன. முதுமையில் சலீம் நோயுற்றார். அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் கேட்பது போல எழுதினாலும், அவர் அறிய விரும்பியது வேறு. "என் தந்தையை அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா?" என்பதே அது.

பதில் வந்தது. உள்ளே 100 பவுண்டுக்கு ஒரு பாங்கு டிராப்ட் இருந்தது!

1980-ல் சலீம் மறைந்தார். மகன் அந்த டிராப்டைக் காசாக்கவில்லை. தந்தையின் பெருமைக்குச் சாட்சியாகப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.