அப்பத்துக்கு முன்னே சமாதானம்

திருவிருந்து உள்ள ஞாயிற்றுக்கான வேலையைச் சனிக்கிழமை இரவே தொடங்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகளில் பெரியவர்கள் இதை ஆயத்தம் என்பார்கள். அரக்கோணம் லோகோ ஷெட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கும், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் கிளம்புகிறவருக்கும் பொதுவாக ஒரு மனபாரம் இருக்கும்: பேச்சுவார்த்தை இல்லாத ஓர் ஆள். ஒரே சபையில், ஒரே பாட்டுக்கு எழுந்து நிற்கிற அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பார்கள். பாகப்பிரிவினை காரணமாக இருக்கும். எடுத்த சீட்டைக் கட்டாமல் விட்டது காரணமாக இருக்கும். பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதுகூடக் காரணமாக இருக்கும். இப்படிப்பட்டவர் மன்னிப்பதற்கு எங்கே தொடங்குவது என்று கேட்டால், கையிலும் காலிலும் செய்யக்கூடிய வேலையாகவே அதைச் சொல்லித் தர முடியும். அந்த வரிசை நம் ஆராதனை முறைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, நடந்ததை ஆண்டவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். “எல்லாரையும் மன்னித்துவிட்டேன் ஆண்டவரே” என்று பொதுவாகச் சொல்லி முடிப்பது எந்தக் காயத்தையும் தொடாது. பெயரைச் சொல்லுங்கள். அவர் செய்தது என்ன, அதனால் நீங்கள் இழந்தது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பணமா, மானமா, அம்மாவின் கடைசி நாட்களில் அவள் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பா? கோபம் வந்தால் வரட்டும். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். 109-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார்த்தால், பகைவனைப் பற்றி இவ்வளவு கடுமையாக ஆண்டவரிடம் பேசலாமா என்று திகைப்பீர்கள். பேசலாம். அந்தக் கசப்பை அவரிடம் கொட்டுகிறவன் அதை ஊரில் கொண்டுபோய்க் கொட்ட மாட்டான். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் பிறகு மேலே போக முடியாமல் நிற்கிறார்கள்.

அடுத்தது உங்கள் பங்கு. பத்தில் ஒன்பது தவறு அவருடையதாகவே இருக்கட்டும், மீதி ஒன்று யாருடையது? கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையாக அது இருக்கலாம். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். மறுநாள் காலை சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, மனப்பாடமாக வாயில் ஓடும் அந்த வரிகளுக்குள் இதை வைக்க வேண்டும். ஆயர் பாவமன்னிப்பைக் கூறும்போது அது உங்களுக்கென்றே வருகிறது. மன்னிப்பு வாங்கியவனுக்குத்தான் மன்னிப்புக் கொடுப்பது எப்படி என்று பிடிபடுகிறது.

பிறகு அந்த ஆளுக்காக ஜெபிக்க வேண்டும். “அவரைத் திருத்தும்” என்று ஜெபிப்பது எளிது, அதை விட்டுவிடுங்கள். அவர் மகளின் பிளஸ் டூ பரீட்சைக்காக, அவர் மனைவியின் சர்க்கரை நோய்க்காக, அவருடைய வேலைக்காக ஜெபியுங்கள். முதல் சில நாள் வாய்தான் ஜெபிக்கும், மனசு வராது. அப்படியே தொடருங்கள்.

இப்போது கடினமான வேலை: போய்ப் பார்ப்பது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிறது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பதினெட்டாம் அதிகாரம், உன்னிடம் குற்றம் செய்தவனிடம் நீ தனியாகப் போ என்கிறது. ஆக, குறை எந்தப் பக்கம் இருந்தாலும் நடக்க வேண்டியது நம் கால்தான். தனியாகப் போங்கள். பண்டிகை நாள், விசேஷ வீடு வேண்டாம். “அண்ணா, என்னால உனக்கு வருத்தம் வந்துடுச்சு, அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்” என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் “ஆனா நீயும்…” என்று ஒரு சொல் வந்தால் போனது வீண். சொத்துக் கணக்கை அன்றைக்கு எடுக்கவே கூடாது. அதற்கு வேறொரு நாள், வேறு ஆட்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். உங்களால் ஆனமட்டும் செய்தாகிவிட்டது, பவுலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

உடனே நேரில் போக முடியாத காயங்களும் உண்டு. 1995 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில் ராணி மரியா என்ற கேரளத்துக் கன்னிகாஸ்திரீயை ஓடும் பஸ்ஸில் சமந்தர் சிங் என்பவர் குத்திக் கொன்றார். ராணி மரியாவின் தங்கையான சகோதரி செல்மி பால் 2002-இல் சிறைக்குப் போய் அந்த மனிதருக்கு ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். இடையில் ஏழு வருஷம். அந்த வருஷங்களில் சுவாமி சதானந்த் என்ற குருவானவர் சிறைக்குச் சென்று சமந்தரைச் சந்தித்துப் பேசி வழி செய்து வைத்தார். 2006-இல் சமந்தர் விடுதலையானார். பெரிய காயங்களுக்கு நடுவில் ஒருவர் தேவை, காலமும் தேவை. நம் சபைகளில் மூப்பர்களோ, பெண்கள் ஐக்கியத்தில் ஜெபிக்கிற ஒரு பாட்டியோ இந்த வேலையைச் செய்ய முடியும்.

இதன் பிறகுதான் ஞாயிறு. தென்னிந்தியத் திருச்சபையே ஓர் ஒப்புரவில் பிறந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் பிரிந்திருந்த சபைகளுக்கிடையே தொடங்கிய பேச்சு, 28 வருஷம் கழித்து, 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் ஒரே சபையாக முடிந்தது. அந்தச் சபை 1950-இல் உருவாக்கிய திருவிருந்து முறையில், ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் பழைய வழக்கத்தைச் சீரியன் சபைகளிடமிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். பின்னாளில் உலகின் பல சபைகள் இதைப் பார்த்துத் தங்கள் ஆராதனையில் சேர்த்துக்கொண்டன. செய்யும் விதம் இது: கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார், பிறகு இருவரும் மற்றவரின் வலது கையைத் தம் இடது கையால் மூடுகிறார்கள். ஆயரிடமிருந்து தொடங்கி வரிசை வரிசையாக அது சபை முழுவதும் போகிறது. காணிக்கைக்கும் அப்பத்துக்கும் முன்பாக அதை வைத்தார்கள். இன்று பல இடங்களில் அவசரமாக ஒரு கும்பிடு போட்டு முடித்துவிடுகிறோம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நாலு கைகளும் சேரும் நேரத்தில் எவ்வளவோ கரையும். முடிந்தால் அந்தப் பேசாத ஆள் உட்காரும் வரிசையிலேயே போய் உட்காருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னிப்பது வேறு, நியாயத்தை விட்டுக்கொடுப்பது வேறு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், திமோத்தி என்ற இரு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களைக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. 2015-இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்படி இறந்தவரின் குடும்பம் மனதில் பகையில்லாமல் ஜெபிக்கலாம், இழப்பீட்டையும் கடைசி ரூபாய்வரை கேட்கலாம். குடித்துவிட்டு அடிக்கிற கணவனை மன்னித்த மனைவி மறுபடி அதே வீட்டுக்குப் போய் அடி வாங்க வேண்டியதில்லை. “மன்னித்துப் போயிரும்மா” என்று அவளை அனுப்பிவைக்கிற போதகர் ஆடுகளைக் காப்பவர் அல்ல.

மன்னித்த பிறகும் அந்த நினைவு திரும்ப வரும், பெரும்பாலும் இரவில். வந்தால் மன்னிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். ஏழெழுபது தரம் என்று இயேசு பேதுருவிடம் சொன்னதை, ஒரே குற்றத்தை அத்தனை தரம் மன்னிப்பதற்கும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை மறுபடி சொல்லி ஜெபித்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி., 1957 முதல் பாகாயத்தில் மனநல மையம் நடத்தி வருகிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துப் பார்க்கிறார்கள். அரக்கோணத்தில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினால், பாகாயத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது.