அனிதா பால்துரை

அனிதா பால்துரை (பிறப்பு: சூன் 22, 1985) சென்னையைச் சேர்ந்த இந்தியக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். இந்திய மகளிர் அணியின் தலைவியாக எட்டு ஆண்டுகள் இருந்தவர். 2001 முதல் 2017 வரை நடந்த ஒன்பது ஆசியக் கூடைப்பந்து வாகையர் போட்டிகளிலும் தொடர்ந்து ஆடிய முதல் இந்தியப் பெண் இவரே. தேசிய வாகையர் போட்டிகளில் மொத்தம் 30 பதக்கங்கள் பெற்றுள்ளார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மசிறீ விருது இவருக்கு வழங்கப்பட்டது. அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் இவருடைய பெயர் பி. அனிதா என்றும் காணப்படும்.

பின்னணி

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் இசுபிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்சுமித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. அவர் பணியாற்றிய நிறுவனம் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பைச் சேர்ந்தது. அந்த அமைப்பின் வழியாகவே ஆட்டம் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் சென்னைக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். அங்கு பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் தமிழகத்தின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றபோது இதுபோன்ற ஆட்டங்களும் அவர்களுடன் சென்றன. சென்னை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் பழைய பள்ளி வளாகங்களில் கால்பந்துத் திடலுக்கு அருகே ஒரு கூடைப்பந்துத் தளமும் இருப்பதைக் காணலாம்.

ஆயினும், பள்ளியில் ஆடுவது வேறு, ஆட்டத்தைக் கொண்டு பிழைப்பது வேறு. அனிதா ஆடிய காலத்தில் இந்தியாவில் பெண்களுக்கென நிலையான தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டிணைவு எதுவும் இருக்கவில்லை. இவருடைய வாழ்க்கைப் பணியைப் புரிந்துகொள்ள இதனை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

இரயில்வே அணியும் பிழைப்பும்

செர்பியா போன்ற நாட்டில் திறமையுள்ள ஒரு பதினாறு வயது ஆட்டக்காரர் உள்ளூர்க் கழகம் ஒன்றின் இளையோர் அணியில் இருப்பார். அக்கழகமே அவருக்கு ஊதியம் தரும், நாட்டின் கூட்டிணைவில் ஆட வைக்கும், பின்னர் பெரிய கழகத்துக்கோ அமெரிக்காவின் என்.பி.ஏ.வுக்கோ அனுப்பும். சோம்போர் என்னும் சிறு நகரில் பிறந்த நிக்கோலா யோக்கிச் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் 41ஆவது ஆளாக டென்வர் அணியால் எடுக்கப்பட்டு, பின்னர் மூன்று முறை என்.பி.ஏ.வின் மிகப் பெறுமதியான வீரராகத் தேர்வானதும் இத்தகைய ஏற்பாட்டின் வழியாகத்தான்.

இந்தியாவில் கழகத்தின் இடத்தில் இருப்பது அலுவலகம். இரயில்வே, வங்கிகள், காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் ஆட்டக்காரர்களைப் பணியில் சேர்த்துக்கொண்டு தமக்கென அணி வைத்துக்கொள்கின்றன. ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஒப்பந்தப் பணமன்று, மாதச் சம்பளம். ஆட்டத்தை விட்ட பின்னும் வேலை இருக்கும், ஓய்வூதியப் பயன்களும் இருக்கும். குடும்பங்கள் பெண் பிள்ளைகளை இருபது வயதுக்குப் பின்னும் ஆடவிடுவதற்கு இந்த உறுதிப்பாடே பெரும்பாலும் காரணம். மறுபுறம், ஆண்டு முழுவதும் வாரந்தோறும் வலுவான எதிரணியுடன் மோதும் வாய்ப்பு இந்த ஏற்பாட்டில் இல்லை. சில போட்டித் தொடர்கள், அவற்றுக்கு முன் பயிற்சி முகாம், அவ்வளவே. ஆசியப் போட்டிகளில் சீனா, தென் கொரியா, சப்பான் ஆகிய அணிகளுக்கு எதிரே இந்திய அணி திணறியதற்கு உயரக் குறைவை மட்டும் காரணம் காட்டுவது முழுமையான விளக்கம் ஆகாது.

அனிதா தென்னக இரயில்வேயில் பணியில் சேர்ந்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் கோட்டங்களையும் உள்ளடக்கிய இந்த மண்டலம் மகளிர் கூடைப்பந்தில் நாட்டின் வலுவான அணிகளுள் ஒன்றை வைத்திருந்தது. தேசிய வாகையர் போட்டியில் இந்திய இரயில்வே ஒரு மாநிலத்தைப் போலவே தனி அணியாகப் பங்கேற்கும். எனவே இரயில்வேயில் பணிபுரியும் தமிழகப் பெண் தமிழ்நாட்டு அணியை எதிர்த்து ஆடும் நிலையும் உண்டு. புதிதாக இந்தப் போட்டிகளைப் பார்ப்போருக்கு இது குழப்பம் தரலாம். பல மண்டலங்களின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒரே அணியில் சேர்வதால் இரயில்வே மகளிர் அணி நெடுங்காலம் தேசிய அளவில் முதலிடம் வகித்தது. அனிதாவின் 30 பதக்கங்களை இந்தப் பின்னணியில் காண வேண்டும். எனினும், வலுவான அணியில் இடம் பிடிப்பதும் அந்த இடத்தை ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் எளிதன்று.

ஒன்பது ஆசியப் போட்டிகள்

மகளிருக்கான ஆசிய வாகையர் போட்டி முன்னர் ஆசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் பெயரால் சுருக்கமாக ஏ.பி.சி. என்று வழங்கப்பட்டது. பின்னர் ஃபிபா ஆசிய வாகையர் போட்டி என்றும், 2017 முதல் ஆசியக் கோப்பை என்றும் பெயர் மாறியது. மூன்றும் ஒரே போட்டிதான். அனிதா இதில் முதன்முதலாக 2001இல் பேங்காக்கில் ஆடியபோது அவருக்கு வயது பதினாறு. அதன் பின் செண்டாய் (2004), சின்குவாங்தாவோ (2005), இஞ்சியோன் (2007), சென்னை (2009), ஓமுரா (2011), மீண்டும் பேங்காக் (2013), ஊகான் (2015), பெங்களூரு (2017) ஆகிய நகரங்களில் ஆடினார்.

இக்காலத்தில் ஆட்டத்தின் விதிகளே மாறின என்பது கவனிக்கத்தக்கது. 2004இல் பெண்களுக்குச் சற்றுச் சிறிய ஆறாம் எண் பந்து அறிமுகமானது. 2010இல் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.25 மீட்டரில் இருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளப்பட்டது. கூடையின் முன் சரிவகமாக இருந்த பகுதி செவ்வகமாயிற்று. அரை மீட்டர் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே தொலைவிலிருந்து எறிந்து பழகிய கைக்கு அது புதிய பாடம். ஒன்பது போட்டிகளிலும் இடம்பெற்றவர் இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

2009ஆம் ஆண்டுப் போட்டி செப்டம்பர் 17 முதல் 24 வரை சென்னையிலேயே நடைபெற்றது. இறுதியாட்டத்தில் சீனா தென் கொரியாவை வென்றது.

2013ஆம் ஆண்டு பேங்காக்கில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. இந்த எண்ணின் பொருளை அறியப் போட்டியின் அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். அப்போது பன்னிரண்டு அணிகள் இரு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் நிலையில் ஆறு அணிகள் தமக்குள் மோதும். முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். கடைசி இரு அணிகள் இரண்டாம் நிலையின் முதல் இரு அணிகளுடன் தகுதியாட்டம் ஆட வேண்டும். அதில் தோற்றால் அடுத்த போட்டியில் இரண்டாம் நிலைக்கு இறங்க நேரும். சப்பான், தென் கொரியா, சீனா, சீனத் தைப்பே ஆகிய நான்கும் மற்ற அணிகளை விட மிக முன்னே இருந்த நாட்களில் ஐந்தாம் இடம் என்பது எஞ்சிய ஆசியாவில் முதலிடம் என்பதற்கு ஒப்பாகும். இந்திய மகளிர் அணி அதுவரை இதைவிட மேலான இடத்தைப் பெற்றதில்லை.

இரண்டே ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 2015இல் ஊகானில் நடந்த தகுதியாட்டத்தில் இந்தியா பிலிப்பீன்சிடம் தோற்று இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. கீழ்நிலைக்கு இறங்கிய அணிக்கு வலுவான எதிரணிகளுடன் ஆடும் சிறிதளவு வாய்ப்பும் போய்விடும். உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் உரிய வழி மேல்நிலை வழியாகவே செல்கிறது.

பெங்களூரு, 2017

இந்த நிலையில்தான் 2017 சூலை மாதம் பெங்களூரில் ஆசியக் கோப்பை நடந்தது. முதல் நிலை 'ஏ' பிரிவு என்றும், இரண்டாம் நிலை 'பி' பிரிவு என்றும் பெயர் பெற்றிருந்தன. 'பி' பிரிவில் முதலிடம் பெறும் ஒரே அணி மட்டும் மேலே செல்லலாம். அனிதா இடையில் குழந்தைப் பேற்றின் காரணமாக ஆட்டத்திலிருந்து விலகியிருந்து, மீண்டும் பயிற்சி பெற்று அணிக்குத் திரும்பியிருந்தார். முப்பத்திரண்டு வயதில், தாயான பின், தேசிய அணிக்குத் திரும்புவது இந்தியக் கூடைப்பந்தில் அரிது.

இறுதியாட்டத்தில் இந்தியா கசக்சுதானை 75-73 என்ற கணக்கில் வென்றது. இரண்டு புள்ளி என்பது ஒரே ஒரு கூடை. அது விழாமல் போயிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றிருக்கும். அதே போட்டியில் 'ஏ' பிரிவு இறுதியாட்டமும் இவ்வாறே நெருக்கமாக முடிந்து, சப்பான் ஆத்திரேலியாவை 74-73 என்று வென்றது. இந்தியா மீண்டும் மேல் பிரிவுக்கு உயர்ந்தது. 2019ஆம் ஆண்டுப் போட்டியில் பெங்களூரிலேயே 'ஏ' பிரிவில் ஆடியது. ஆனால் அந்த அணியில் அனிதா இல்லை. 2017ஆம் ஆண்டுப் போட்டியே அவருடைய கடைசி ஆசியப் போட்டியாக அமைந்தது.

பிற போட்டிகள்

மெல்பேர்ணில் நடந்த 2006 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் ஆடிய இந்திய அணியில் அனிதா இடம்பெற்றார். கூடைப்பந்து அப்போட்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது அவ்வாண்டில்தான்.

மூவர் கூடைப்பந்திலும் இவர் சிறந்து விளங்கினார். இது அரைத் தளத்தில், ஒரே கூடையைக் கொண்டு, அணிக்கு மூவரும் ஒரு மாற்று ஆட்டக்காரரும் ஆடும் வடிவம். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, இவற்றில் எது முந்துகிறதோ அத்துடன் ஆட்டம் முடியும். பந்தைப் பெற்ற அணி 12 நொடிக்குள் எறிய வேண்டும். உயரத்தை விட வேகமும் எறியும் திறனும் இதில் அதிகம் பயன்படுவதால் இந்திய மகளிர் ஐவர் ஆட்டத்தில் எட்டாத இடங்களை இதில் எட்டினர். 2011இல் இலங்கையின் அம்பாந்தோட்டையில் நடந்த தெற்காசியக் கடற்கரை விளையாட்டுகளிலும், 2013இல் தோகாவில் நடந்த ஆசிய மூவர் வாகையர் போட்டியிலும் இந்திய மகளிர் தங்கம் வென்றனர். இரு அணிகளிலும் அனிதா ஆடினார். மூவர் ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது இதற்குப் பின்னரே, 2021இல் நடந்த தோக்கியோ போட்டியில்.

சமகாலத்தவர்

அனிதாவின் சமகாலத்தவருள் கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் குறிப்பிடத்தக்கவர். இருவரும் 1985 சூன் மாதத்தில் பிறந்தவர்கள், இருவரும் தென்னக இரயில்வே ஊழியர்கள். கீத்து ஆத்திரேலியாவின் ரிங்வுட் கழகத்துக்காக ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் கூட்டிணைவின் மூன்று அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. எனினும் அவருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆண்களில் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் 2015இல் டாலஸ் அணியால் 52ஆவதாகத் தேர்வு செய்யப்பட்டு, என்.பி.ஏ. அணி ஒன்றால் அவ்வாறு தேர்வு பெற்ற முதல் இந்தியரானார். அவரும் என்.பி.ஏ.வின் வழமையான பருவ ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. இந்தப் பின்புலத்தில், நாட்டிலேயே தங்கி இரயில்வேக்கும் இந்தியாவுக்கும் ஆடிய அனிதாவின் வழி பெரும்பாலான இந்திய ஆட்டக்காரர்களின் வழியே ஆகும். நீளத்திலும் பதக்க எண்ணிக்கையிலும் மட்டுமே அது வேறுபடுகிறது.

விருது

கூடைப்பந்தில் அருச்சுனா விருது பெற்றோர் பட்டியலில் அனிதாவின் பெயர் இடம்பெறவில்லை. கீத்து 2014இலும், பிரசாந்தி சிங் 2017இலும் அவ்விருதைப் பெற்றனர். எட்டு ஆண்டுகள் அணித் தலைவியாக இருந்த ஒருவர் விடுபட்டது விளையாட்டு ஆர்வலர்களிடையே பேசப்பட்டது. பொதுவாக அருச்சுனா விருதுக்குப் பின்னரே பத்ம விருதுகள் வருவது வழக்கம். அனிதாவுக்கு முதலாவது கிடைக்காமலேயே இரண்டாவது கிடைத்தது.

2021 சனவரியில் அறிவிக்கப்பட்ட பத்மசிறீ பட்டியலில் விளையாட்டுத் துறையில் தமிழ்நாட்டின் சார்பில் இவருடைய பெயர் இருந்தது. பி. டி. உசாவின் பயிற்றுநர் மாதவன் நம்பியார், மேசைப்பந்தாட்ட வீராங்கனை மௌமா தாஸ், ஓட்ட வீராங்கனை சுதா சிங் ஆகியோரும் அதே பட்டியலில் இடம்பெற்றனர். கூடைப்பந்தாட்டத்துக்காக 2019இல் பிரசாந்தி சிங் பத்மசிறீ பெற்றிருந்தார். பெருந்தொற்றுக் காலத்தால் விழா தள்ளிப்போய், 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் விருதுகள் வழங்கப்பட்டன.