ஆடாமல் திரும்பிய ஆட்டக்காரர்

வெளிநாடு சென்று வெற்றி பெற்றோரின் வரலாற்றை நம்மவர் இதழ்கள் விரும்பி வெளியிடுகின்றன. அது முறையே. அவற்றைப் படிக்கும் சிறுவர்களுக்கு ஊக்கம் பிறக்கிறது. பெற்றோருக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் வெளிநாடு சென்று, அங்கே ஒரேயோர் ஆட்டமும் ஆடாமல் தாயகம் திரும்பிய ஒருவரின் வரலாற்றை எவரும் எழுதக் காணோம். இத்திங்கள் அத்தகைய ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

அவர் தமிழரல்லர், நம் ஈஜிபுராவாசியும் அல்லர். எனினும் இங்கிருந்து பேருந்தேறிச் சென்றால் எளிதில் அடையக்கூடிய ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் நம் நகரத்து அணிக்காகவும் நாட்டுக்காகவும் ஆடியவர். கால்பந்தாட்டத்தில் தடுப்பாட்டக்காரர். பெயர் சந்தேஷ் ஜிங்கன்.

பெங்களூர்த் தமிழருக்குக் கால்பந்து புதிதன்று. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டு வீரர் பெலேக்குச் சிலையே உண்டு. 1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலைப் போட்டவர், மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன். அவர் பெயர் இன்றும் முதியோர் வாயில் வழங்குகிறது. ஆனால் கோல் போட்டவரின் பெயர் நிலைக்கும். கோலைத் தடுத்தவரின் பெயர் நிலைப்பதில்லை. தடுப்பாட்டக்காரரின் விதி அத்தகையது. தொண்ணூறு நிமிடங்களில் எண்பத்தொன்பது நிமிடம் அவர் பிழையின்றிக் காத்தாலும் எவரும் பேசுவதில்லை. எஞ்சிய ஒரு நிமிடத்தில் கால் சறுக்கினால் அரங்கமே பேசும். குடும்பத்திற்காகத் தொலைவில் உழைப்பவனின் நிலையும் ஏறத்தாழ இதுவே என்பதை வாசகர்கள் அறிவர்.

ஜிங்கன் 1993 ஜூலை 21 அன்று சண்டிகரில் பிறந்தார். அந்நகரத்துச் செயின்ட் ஸ்டீபன்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஆட்டம் பயின்றார். பதினெட்டு வயதளவில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, யுனைடெட் சிக்கிம் கழகத்திற்கு ஆடச் சென்றார். சமவெளிப் பிள்ளை மலைநாட்டுக்குப் பிழைக்கப் போனதுதான் தொடக்கம். 2014 இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் சேர்ந்து, அவ்வாண்டே இந்தியன் சூப்பர் லீக்கின் வளரும் ஆட்டக்காரர் என்னும் பரிசைப் பெற்றார். 2015 மார்ச்சில் நேபாளத்துக்கு எதிராகக் குவாஹாட்டியில் நாட்டுக்காக முதன்முதலில் ஆடினார். 2017 இல் சில திங்கள் நம் பெங்களூர் அணிக்கும் வந்து ஆடினார். அவ்வாண்டு பெடரேஷன் கோப்பையை இந்த அணி வென்றது. பின்னர்க் கேரளத்தின் தலைவரானார். மொழி தெரியாத மாநிலத்தில் பல்லாயிரம் பேர் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினர்.

2019 அக்டோபரில் முழங்கால் நாண் அறுந்தது. ஒரு பருவம் முழுவதும் ஆட்டமில்லை. 2020 இல் அவர் கேரளத்தை விட்டு நீங்கியபோது, அவர் அணிந்த 21 ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று அக்கழகம் அறிவித்தது. அவ்வாண்டே அருச்சுனா விருது கிடைத்தது. அடுத்துக் கொல்கத்தாவின் ஏடிகே மோகன் பகான் அணியில் ஆடி, 2020-21 ஆம் ஆண்டின் சிறந்த இந்திய ஆட்டக்காரர் என்னும் விருதையும் பெற்றார்.

இந்நிலையில், 2021 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. ஐரோப்பாவின் குரோவேசியா நாட்டில், அப்போது முதல்நிலைப் போட்டியில் ஆடிய ஷிபெனிக் என்னும் கழகம் ஜிங்கனை ஒப்பந்தம் செய்தது. அந்நாட்டின் மக்கள்தொகை நாற்பது லட்சத்திற்கும் குறைவு. நம் பெங்களூர் மாநகரின் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பிலேயே எண்பத்து நான்கு லட்சம். ஆயினும் அச்சிறு நாடு 2018 உலகக் கோப்பையில் இரண்டாம் இடமும் 2022 இல் மூன்றாம் இடமும் பெற்றது. அத்தகைய நாட்டில், கடற்கரையோரத்துச் சிறு துறைமுக நகரில், நம் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் நிற்கப் போகிறார் என்றால் எவருக்குத்தான் பெருமிதம் தோன்றாது?

தடுப்பாட்டக்காரர் வெளிநாட்டில் ஆடுவது முன்வரிசைக்காரர் ஆடுவதினும் கடினம். முன்வரிசைக்காரர் பேசாமலே ஆடலாம். பந்து கிடைத்தால் அவர் காலே பேசும். தடுப்பாட்டக்காரரோ ஓயாமல் குரல் கொடுக்க வேண்டியவர். பின்வரிசையில் நிற்கும் நால்வரும் ஒரே கோடுபோல ஒன்றாக முன்னேறி, ஒன்றாகப் பின்வாங்க வேண்டும். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் எதிரணிக்காரர் ஆப்சைடு ஆகாமல் தப்பிவிடுவார். ஆகவே, "ஏறு", "விடு", "உன் பின்னால் ஆள்" என்று நொடிக்கு நொடி கூவ வேண்டும். அதைக் கேட்பவருக்கு அது உடனே விளங்கவும் வேண்டும். புது மொழி, புதுக் குளிர், புதுத் தோழர்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் பழகிய பின்னரே தடுப்பாட்டக்காரரின் திறமை வெளிப்படும். அதற்குக் காலம் வேண்டும்.

ஜிங்கனுக்கு அக்காலம் வாய்க்கவில்லை. சென்ற சில நாட்களிலேயே பயிற்சியில் காயமுற்றார். திங்கள்கள் கழிந்தன. ஷிபெனிக் அணிக்காகப் போட்டி ஆட்டம் ஒன்றிலும் அவர் களமிறங்கவில்லை. 2022 ஜனவரியில், புறப்பட்ட இடமாகிய கொல்கத்தா அணிக்கே திரும்பினார்.

போய் ஆடாமல் வந்தவர் என்று நகைத்தோர் உண்டு. நாமும் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தோம். அவ்வாண்டின் இறுதியில் எம் வீட்டிலேயே அத்தகைய ஒன்று நிகழும் என்று அப்போது நினைக்கவில்லை.

எம் தம்பி மின்கம்பி வேலை கற்றவர். 2022 இன் தொடக்கத்தில் வட்டிக்குக் கடன் வாங்கி வளைகுடா நாடொன்றுக்குச் சென்றார். தெருவே திரண்டு வழியனுப்பியது; மாலை இட்டோரும் உளர். எட்டாம் திங்களில் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு அக்டோபரில் வந்து இறங்கினார். அழைத்துவரச் சென்றவர் நாம் ஒருவரே. வண்டியில் வரும்போது நாம் கேட்ட முதற் கேள்வி, "இன்னும் ஆறு மாதங்கூடப் பொறுக்க முடியவில்லையா, தம்பி?" என்பதே. அவர் விடை சொல்லவில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எதிர்ப்பட்டோரும், "எவ்வளவு சேர்த்தாய்? எப்போது திரும்பிப் போகிறாய்?" என்றே கேட்டனர். பின்னர் அவர் தெருவில் இறங்குவதையே குறைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் பையன்களோடு பந்தாடியவர், பந்தைக் கட்டிலடியில் தள்ளிவிட்டார்.

அப்பருவத்தில்தான் ஜிங்கன் மீண்டும் பெங்களூர் அணிக்கு வந்திருந்தார். 2022 செப்டம்பர் 18 அன்று அவர் இடம்பெற்ற பெங்களூர் அணி, கொல்கத்தாவில் மும்பை அணியை 2-1 என வென்று டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. முதற் கோலைப் போட்டவர் காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து வந்த நம் தமிழ்ப் பிள்ளை சிவசக்தி நாராயணன். தொலைக்காட்சியில் பெங்களூர் அணியின் ஆட்டங்களைத் தம்பி தவறாமல் பார்க்கலானார். ஒருநாள் எம் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அண்ணா, அவரும் ஒரு ஆட்டங்கூட ஆடாமத்தான் வந்தாரு." அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது.

2023 மார்ச் 18 அன்று கோவாவில் நடந்த சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் ஆட்டம் 2-2 எனச் சமனாகி, பெனால்டியில் பெங்களூர் தோற்றது. வென்றவர்கள் ஜிங்கனின் பழைய தோழர்களாகிய கொல்கத்தா அணியினரே. அவர் இடம்பெற்ற அணிகள் அப்போட்டியின் இறுதிவரை சென்றது அது நான்காம் முறை. நான்கு முறையும் தோல்வி! இரவு விளக்கணைத்த பின்னும் தம்பி உறங்கவில்லை.

வெளிநாடு சென்று திரும்பிய நம் ஆட்டக்காரர் ஜிங்கன் ஒருவரல்லர். 1936 இல் கொல்கத்தாவின் முகமது சலீம், ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்திற்கு வெறுங்காலில் துணிக்கட்டுடன் ஆடிக் காண்போரை வியக்கச் செய்தார். ஆயினும் ஊர் நினைவு தாளாமல் திரும்பிவிட்டார். 1999 இல் பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கழகத்திற்குச் சென்றார். சுனில் சேத்ரி 2010 இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகர அணிக்கும், 2012 இல் போர்ச்சுகல் நாட்டு ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணிக்கும் சென்று, அதிகம் ஆடும் வாய்ப்பின்றித் திரும்பி, 2013 இல் பெங்களூரில் சேர்ந்தார். கோல் காவலர் குர்பிரீத் சிங் சந்து 2014 முதல் நார்வேயின் ஸ்டாபேக் கழகத்தில் இருந்து, 2017 இல் பெங்களூருக்கு வந்தார்.

2023 ஜூலை 4. தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டம் நம் கண்டீரவாவில். எதிரணி குவைத். தம்பியை வலிந்து அழைத்துச் சென்றோம். ஆண்டுக்கணக்கில் முடியாதிருந்த ஈஜிபுரா மேம்பாலத் தூண்களைக் கடந்து, நெரிசலில் ஊர்ந்து, அரங்கை அடைந்தபோது நிற்கவும் இடமில்லை.

குவைத் முதலில் கோல் போட்டது. லாலியன்சுவாலா சாங்டே அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் 1-1. பெனால்டிக்கு ஆட்டம் சென்றது. நம் பக்கத்தில் முதலில் உதைத்தவர் சேத்ரி, கோல். இரண்டாவதாக நடந்து வந்தவர் ஜிங்கன். ஆறடிக்கு மேற்பட்ட அவ்வுருவம் பந்தின் பின்னே நின்றபோது தம்பி எம் கையைப் பற்றினார். முறிந்து பொருந்திய அதே கையால். பந்து வலைக்குள் சென்றது. ஐந்தைந்து உதைகள் முடிந்தும் முடிவில்லை. ஆறாவது உதையை மகேஷ் சிங் கோலாக்கினார். குவைத்தின் ஆறாவது உதையைக் குர்பிரீத் பாய்ந்து தடுத்தார். 5-4. இந்தியா ஒன்பதாம் முறையாகக் கோப்பையை வென்றது.

அன்றிரவு முதலில் உதைத்தவர், இரண்டாவதாக உதைத்தவர், கடைசியில் தடுத்தவர் ஆகிய மூவருமே வெளிநாடு சென்று திரும்பியவர்கள். அவர்கள் அங்கே எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று அரங்கில் எவரும் கேட்கவில்லை. ஊர் அவர்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. அவர்களும் நின்று ஆடினார்கள்.

இதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்ததென்று சொல்ல வந்தோமில்லை. ஜிங்கன் பின்னர்க் கோவா அணிக்குச் சென்றார்; 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மீண்டும் காயமுற்று நெடுநாள் ஒதுங்கியிருந்தார். எம் தம்பியின் கடனும் முற்றும் அடையவில்லை. எம் சம்பளத்திலிருந்தும் அவர் கூலியிலிருந்தும் திங்கள்தோறும் அடைத்து வருகிறோம். ஆனால் அவர் இப்போது கோரமங்கலாப் பக்கத்துக் கட்டடங்களில் மின்வேலை செய்கிறார். கட்டிலடியிலிருந்த பந்தும் வெளியே வந்துவிட்டது. ஞாயிறு காலைகளில் பையன்களைப் பின்வரிசையில் நிறுத்தி, "ஏறு, ஏறு" என்று கூவுவது எம் வீடுவரை கேட்கிறது.

நாம் ரயில்வேயில் சீட்டு வழங்கும் எழுத்தர். புறப்படுபவரோடு பத்துப் பேர் நிலையத்திற்கு வருவதையும், திரும்பி வருபவர் தனியே பெட்டியைச் சுமந்து வெளியேறுவதையும் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். அதைக் கண்டும், எம் தம்பியிடமே அக்கேள்வியைக் கேட்டோம். அதற்காக இன்றளவும் நாணுகிறோம்.

நம் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள். வெளிநாடு செல்வோருக்கு வழியனுப்பு விழா எடுத்து மாலையிடுகிறோம், அது தொடரட்டும். திரும்பி வருவோரையும் சங்கத்திலிருந்து இருவரேனும் சென்று நிலையத்தில் எதிர்கொள்ள வேண்டும். எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேளாமல், உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். வாசக அன்பர்கள் ஆதரவு நல்குவார்களாக!