ஜாமீன் கையெழுத்து: யார் கவலை யார் தலையில்?

நம் கடைகளில் கல்லாவுக்கு மேலே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பலகை தொங்கவிட்டிருக்கிறோம். ஆனால் அன்பை அதைவிட வேகமாக முறிக்கும் இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பலகை எதுவும் இல்லை. அதுதான் ஜாமீன் கையெழுத்து.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, முந்திரி என்று எந்தச் சரக்கில் தொழில் செய்தாலும், ஒருவருக்காவது ஜாமீன் போடாத வணிகரைக் காண்பது அரிது. வங்கிக் கடன், சீட்டு எடுத்த பணம், மண்டியில் தவணைச் சரக்கு என்று எல்லாவற்றிற்கும் ‘ஒரு ஷூரிட்டி வேண்டும்’ என்கிறார்கள். நாமும் தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, என்ன பொருள் தருகிறது, நம் தலையில் எதை ஏற்றுகிறது என்பதை உறுப்பினர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சொல் வந்த வழி

‘ஜாமீன்’ தமிழ்ச் சொல் அல்ல. பொறுப்பேற்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல் பாரசீகத்திற்குப் போய், அங்கிருந்து முஸ்லிம் மன்னர்களின் ஆட்சி வழியாக இந்தியாவிற்கு வந்தது. மராத்தியில் ஜாமீன், தெலுங்கிலும் கன்னடத்திலும் ஜாமீனு, மலையாளத்தில் ஜாமியம் என்று தென்னாடு முழுவதும் பரவியது. கப்பலேறிய வணிகர்களோடு சென்று மலாய் மொழியில் ‘ஜாமின்’ ஆயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலும் அதே வேரிலிருந்து வந்த ‘தமானா’ என்ற சொல் பிணையைக் குறிக்கிறது.

நம் பகுதியும் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்ததுதான். ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. 1801-இல் கர்நாடக நவாபின் நாடு கம்பெனியார் கைக்குப் போனது. ஆட்சி மாறினாலும் கச்சேரிச் சொற்கள் மாறவில்லை. வக்கீல், வாய்தா, ஜப்தி, ராஜி, அசல், நகல், வசூல், பாக்கி, ரசீது ஆகிய எல்லாம் அந்த வழியில் வந்து நம் பேரேட்டில் உட்கார்ந்துகொண்ட சொற்களே.

அப்படியானால் அதற்கு முன் தமிழர்களிடம் இதற்குச் சொல் இல்லையா? இருந்தது. ‘பிணை’ என்பது கட்டுதல் என்ற பொருளில் பிறந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘புணை’ என்றும் ‘புணைப்பட்டோம்’ என்றும் காணப்படுகிறது. புணை என்றால் தெப்பம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆற்றில் மூழ்குபவனைத் தாங்கும் தெப்பத்திற்கும், கடனில் மூழ்குபவனைத் தாங்கும் ஆளுக்கும் நம் முன்னோர் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். தெப்பமே மூழ்கினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

ரோமாபுரியின் இரண்டு சொற்கள்

வங்கியில் சொல்லும் ‘ஷூரிட்டி’யின் கதை இன்னும் சுவையானது. அதன் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. இலத்தீனில் ‘சே’ என்றால் இல்லாமல். ‘கூரா’ என்றால் கவலை. இரண்டும் சேர்ந்து ‘சேகூருஸ்’, அதாவது கவலையற்றவன். அதிலிருந்து ‘சேகூரிதாஸ்’, அதாவது கவலையின்மை. முதலில் மன அமைதியைக் குறித்த இந்தச் சொல், நாளடைவில் கடன் கொடுத்தவனின் கவலையைப் போக்குவதற்காகக் கொடுக்கப்படும் ஈட்டையும் உறுதியையும் குறிக்கலாயிற்று.

பின்னர் அது ஐரோப்பா முழுவதும் நடந்தது. பிரெஞ்சில் ‘சூர்தே’ ஆயிற்று. பழைய பிரெஞ்சு வடிவம் இங்கிலாந்துக்குப் போய் ‘ஷூரிட்டி’ ஆனது. பிறகு இலத்தீனிலிருந்தே இன்னொரு முறை வந்து ‘செக்யூரிட்டி’ ஆனது. ஆக, ஆங்கிலத்தில் ஒரே வேருக்கு இரண்டு பிள்ளைகள். ‘இன்ஷூரன்ஸ்’ என்பதும் இதே குடும்பம்தான். ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் காப்பீட்டைச் ‘செகூரோ’ என்றே அழைக்கிறார்கள். இத்தாலியரிடம் ‘சிகூரோ’, ஜெர்மானியரிடம் ‘சிஹர்’, டச்சுக்காரரிடம் ‘சேக்கர்’ எல்லாம் இதிலிருந்து பிறந்தவையே. இன்று நம் ஊர் நகைக்கடை வாசலில் தொப்பி அணிந்து நிற்பவரையும் ‘செக்யூரிட்டி’ என்கிறோம். முதலாளி கவலையின்றித் தூங்க அவர் விழித்திருக்கிறார். பொருள் மாறவே இல்லை.

ஆனால் ரோமாபுரிச் சட்டத்தில் ஜாமீன்தாருக்கு வேறொரு பெயர் இருந்தது. ‘ஃபிதேயுஸ்ஸோர்’ என்றார்கள். ‘என் நம்பிக்கையின் பேரில் கொடு என்று சொல்பவன்’ என்பது அதன் கருத்து. இத்தாலிய வங்கிகளில் இன்றும் உத்தரவாதப் பத்திரத்திற்கு ‘ஃபிதேயுஸ்ஸியோனே’ என்றுதான் பெயர். ஸ்பானிய மொழியின் ‘ஃபியான்சா’வும் அதே நம்பிக்கை என்னும் வேரிலிருந்து வந்ததே.

கவனியுங்கள். ஒரு சொல்லில் நம்பிக்கை இருக்கிறது. மற்றொரு சொல்லில் கவலையின்மை இருக்கிறது. நம்பிக்கை, கையெழுத்துப் போடுபவருடையது. கவலையின்மை, கடன் கொடுப்பவருடையது. அப்படியானால் அந்தக் கவலை எங்கே போகிறது? கையெழுத்துப் போட்டவர் வீட்டிற்கு வருகிறது. இதைப் பழங்காலத்தவரும் அறிந்திருந்தனர். கிரேக்க நாட்டு டெல்பி கோயிலில் பொறிக்கப்பட்டிருந்த மூன்று புகழ்பெற்ற அறிவுரைகளில் ஒன்று, ஜாமீன் போனால் கேடு பக்கத்தில் நிற்கும் என்ற எச்சரிக்கையே.

நமக்கு நேர்ந்தது

2004-இல் அரியலூர்ப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் நம் மண்டிக்கு வந்தார். நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுப்பவர். பற்று வரவில் ஒரு நாளும் தவறாதவர். “அண்ணே, ஒரு கையெழுத்துதான். பணமா கேக்குறேன்?” என்றார். 3 லட்சம் ரூபாய் வங்கிக் கடன். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

நண்பர் கெட்டவர் அல்லர். உடல்நலம் கெட்டது. கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. தவணை நின்றது. 2007 இறுதியில், அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்த சமயத்தில், நம் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. வட்டியோடு 2 லட்சத்து 10 ஆயிரம். மாவட்டம் பிரிந்தது, ஆனால் ஜாமீன் பிரியவில்லை.

நேரே வங்கிக்குப் போய்ச் சத்தம் போட்டோம். “வாங்கியவர் அவர். முதலில் அவர் கடையை விற்று எடுங்கள். பற்றாவிட்டால் பிறகு நம்மிடம் வாருங்கள்” என்றோம். நம் வக்கீல் அழைத்து உட்கார வைத்துச் சொன்னார்: “நீங்கள் பேசுவது நியாயம்தான். ஆனால் அது ரோமாபுரி நியாயம்.”

அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. கி.பி. 535-இல் ஜஸ்டினியன் என்ற ரோமப் பேரரசர், கடன்காரனை முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் ஜாமீன்தாரை நாட வேண்டும் என்று சட்டம் செய்தார். 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் ஜாமீன்தாருக்கு இந்தச் சலுகையை வைத்தது. நம்முடைய 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அது இல்லை. 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, கடன்காரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரின் பொறுப்பு. யாரை முதலில் கேட்பது என்பது கடன் கொடுத்தவர் விருப்பம். பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்து, 1969 தீர்ப்புத் தொகுப்பில் வெளியான தீர்ப்பும் இதையே உறுதி செய்தது.

இரண்டு தவணையாகப் பணத்தைக் கட்டினோம். தவறு அதோடு முடியவில்லை. நண்பர் தம் வீட்டுப் பத்திரத்தையும் வங்கியில் வைத்திருந்தார். கடனை நாம் அடைத்ததும், 140, 141-ஆவது பிரிவுகளின்படி, கடன் கொடுத்தவருக்கு அந்த ஈட்டின் மேல் இருந்த உரிமை நமக்கு வந்துவிடுகிறது. அதை நாம் அறியவில்லை, கேட்கவும் இல்லை. பத்திரம் நண்பர் கைக்குத் திரும்பியது. அவர் அவசரத்திற்கு அதை வேறிடத்தில் அடகு வைத்தார். நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவர் மகன் கடையை எடுத்து நடத்தி, சிறுகச் சிறுகக் கட்டி, 2015-இல் கணக்கை முடித்தார். கடைசித் தவணையோடு நண்பரும் வந்து உட்கார்ந்தார். இருவருமே அதிகம் பேசவில்லை. பணம் வந்தது. போன வருடங்கள் வரவில்லை.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

நாம் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. வாய்ச்சொல்லும் ஜாமீனே. இங்கிலாந்தில் 1677 முதல் ஜாமீன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் 126-ஆவது பிரிவின்படி வாய்மொழியாகவும் இருக்கலாம். ‘அவருக்குச் சரக்கு கொடுங்க, பணத்துக்கு நான் பொறுப்பு’ என்று தொலைபேசியில் சொல்லும் முன் யோசியுங்கள்.

2. சாட்சி வேறு, ஜாமீன் வேறு. புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்பவர் மட்டுமே. எந்த இடத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

3. தொகைக்கு வரம்பு கட்டுங்கள். ‘50,000 ரூபாய் வரை மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் பொறுப்பு அதோடு நிற்கும்.

4. மாதாமாதம் எடுக்கும் சரக்குக்குப் பொறுப்பேற்பது தொடர் ஜாமீன். நிலைமை சரியில்லை என்று தெரிந்தவுடன் கடன் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பினால், 130-ஆவது பிரிவின்படி இனிமேல் எடுக்கும் சரக்குக்குப் பொறுப்பு இல்லை. ஏற்கெனவே எடுத்ததற்கு உண்டு.

5. நம் சம்மதமின்றிக் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்திற்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு நாம் பொறுப்பல்ல என்கிறது 133-ஆவது பிரிவு. ஆனால் அச்சடித்த படிவங்களில் இத்தகைய உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக வாசகம் இருப்பது வழக்கம். படியுங்கள். புரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

6. ஜாமீனுக்காகக் காசோலை கொடுக்காதீர்கள். ஜாமீன்தார் கொடுத்த காசோலை திரும்பினாலும் 138-ஆவது பிரிவு வழக்கு பொருந்தும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

7. கட்ட நேர்ந்தால் ரசீதோடு நிற்காதீர்கள். ஈடு எதுவும் இருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். முறையாகக் கட்டியதைக் கடன்காரரிடமிருந்து வசூலிக்க 145-ஆவது பிரிவு உரிமை தருகிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஜாமீன் போட்டிருந்தால், 146-ஆவது பிரிவின்படி சுமையைச் சமமாகப் பங்கிடலாம்.

8. ஜாமீன் போட்ட கடன் நம் கடன் வரலாற்று அறிக்கையிலும் ஏறும். நாளை நாம் கடன் கேட்கும்போது அதுவும் முன்னே வந்து நிற்கும்.

இதையெல்லாம் சொல்வதால் யாருக்கும் ஜாமீன் போடாதீர்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். நமக்கும் 1980-களில் முதல் மூட்டைச் சரக்கு ஒருவர் சொன்ன வார்த்தையில்தான் வந்தது. ஒருவருக்கொருவர் தாங்காமல் வியாபாரம் இல்லை. இப்போது நம்மிடம் யாராவது கையெழுத்துக் கேட்டால் ஒரே ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்கிறோம்: இந்தத் தொகை முழுவதையும் நாமே கட்ட நேர்ந்தால், கடையும் நட்பும் இரண்டும் நிற்குமா? நிற்கும் என்றால் பேனாவை எடுக்கிறோம். நிற்காது என்றால், “தம்பி, முடிந்ததைக் கையில் தருகிறோம், கையெழுத்து வேண்டாம்” என்று தேநீர் கொடுத்து அனுப்புகிறோம். தெப்பம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தெப்பம்தான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.