திட்டத்தில் பிள்ளை எங்கே? கண்டியின் விசேட கல்வி அலகுகளும் வருடாந்த இலக்குகளும்

ஆண்டின் கடைசித் தவணை வரும்போது பாடசாலைகளில் ஒரு வேலை மும்முரமாக நடக்கும். அதிபரும் சில ஆசிரியர்களும் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான அமுலாக்கல் திட்டத்தை எழுதுவார்கள். சாதாரண தரத்தில் சித்தி வீதம் எவ்வளவு உயர வேண்டும், எத்தனை மேசை கதிரை வேண்டும், எந்தக் கட்டடத்துக்குக் கூரை மாற்ற வேண்டும் என்று அட்டவணை நிரம்பும். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை என்றால் அதற்கும் ஒரு வரி இருக்கும். "விசேட தேவையுடைய மாணவர்களின் திறன்களை விருத்தி செய்தல்" என்பது போன்ற ஒரு வரி. அடுத்த வருடத் திட்டத்திலும் அதே வரியைக் காணலாம். அதற்கு அடுத்த வருடமும் அப்படித்தான்.

இந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதில் பிள்ளையும் இல்லை. எந்தப் பிள்ளை, எந்தத் திறன், எப்போது, யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாத இலக்கு தோற்பதுமில்லை. அதனால்தான் ஏழு வயதில் அலகுக்கு வந்த பிள்ளை பதினான்கு வயதிலும் அதே கதிரையில் அதே படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாலும் எந்த அட்டவணையிலும் சிவப்புக் கோடு விழுவதில்லை.

கல்வி வலயங்களைப் பொறுத்தவரை கண்டி மாவட்டம் கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, தெல்தெனிய, வத்தேகம என ஆறாகப் பிரிந்திருக்கிறது. நகரத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, நாவலப்பிட்டி பக்கத்துத் தோட்டக் குடும்பங்களும் இந்த வலயங்களுக்குள் வருகின்றன. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கும் பலருக்கு இன்றும் இங்கே உறவுகள் உண்டு. ஆகவே இது கண்டிக்கு மட்டுமான கதை அல்ல.

சட்டம் சொல்வது என்ன?

விசேட கல்வி என்பது யாரோ செய்யும் தர்மம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. செவிப்புலன், பார்வைப் புலன் குறைந்த பிள்ளைகளுக்கான முதலாவது பாடசாலையை 1912 இல் தொடங்கியவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். அது பின்னர் இரத்மலானையில் நிலைகொண்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையும் ஒரு கொடையாளியின் பெயரையே இன்றுவரை சுமக்கிறது.

ஆனால் இன்று இது உரிமை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனம் ஒன்றில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. 2003 இல் தேசிய கொள்கை வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தில் 2007 இல் கையொப்பமிட்ட இலங்கை, அதை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. அதே 2016 இல் கட்டாயக் கல்வி வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. அந்த வயதெல்லை விசேட தேவையுடைய பிள்ளைக்கும் உரியதுதான்.

அனுமதி கிடைப்பது முதல் உரிமை. உள்ளே போன பிறகு கற்பது இரண்டாவது உரிமை. முதலாவது மறுக்கப்பட்டால் பெற்றோருக்கு உடனே தெரியும். இரண்டாவது மறுக்கப்படுவது தெரிய வருடங்கள் ஆகும். வருடாந்த இலக்கு தேவைப்படுவது இந்த இரண்டாவதற்காகத்தான்.

கீழிருந்து மேலே

சாதாரணப் பாடசாலையில் இலக்கு மேலிருந்து வருகிறது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று எண்ணினால் போதும். விசேட கல்வி அலகில் இது நடக்காது. ஒரே அறையில் பேச்சு வராத பிள்ளை, கேட்காத பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை என்று பலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பொதுவான பரீட்சை கிடையாது. எனவே இங்கே இலக்கு கீழிருந்து, ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் வர வேண்டும். இதற்கான கருவிதான் தனியாள் கல்வித் திட்டம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தோட்டமொன்றிலிருந்து வரும் எட்டு வயதுப் பெண்பிள்ளை. பேச்சு இல்லை. வேண்டியது கிடைக்காவிட்டால் அழுவாள், தலையை மேசையில் இடிப்பாள். "தொடர்பாடல் திறனை விருத்தி செய்தல்" என்று எழுதினால் ஆசிரியருக்கு நாளைக் காலையில் என்ன செய்வது என்று தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "தை மாதத்தில் எதையும் கேட்கத் தெரியாமல் அழுகிறாள். சித்திரை விடுமுறைக்கு முன் தண்ணீர், சாப்பாடு, மலசலகூடம் ஆகிய மூன்றையும் பட அட்டையைத் தொட்டுக் கேட்பாள். ஐந்து தடவையில் நான்கு தடவை, யாரும் நினைவூட்டாமல். அட்டைகளை ஆசிரியர் செய்வார். அதே அட்டைகளின் இன்னொரு தொகுதி வீட்டில் அம்மாவிடம் இருக்கும்."

இந்த நான்கைந்து வரிகளுக்குள் எல்லாம் இருக்கிறது. இன்றைய நிலை, சேர வேண்டிய நிலை, கால எல்லை, அளவு, பொறுப்பு. எழுத வாசிக்கத் தெரியாத தாய் கூட வருட முடிவில் இலக்கு எட்டப்பட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம். நல்ல இலக்குக்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

ஒரு பிள்ளைக்கு மூன்று இலக்குகள் போதும். ஒன்று தொடர்பாடல், ஒன்று தன் வேலையைத் தானே செய்வது, ஒன்று எழுத்து, எண் அல்லது கைவேலை. பத்து இலக்கு எழுதினால் கோப்பு அழகாக இருக்கும். வேலை நடக்காது.

எண்ணிக்கை சொல்லும் கதை

பிள்ளைகளின் இலக்குகளைச் சேர்த்தால் பாடசாலையின் இலக்கு தெரியும். கணக்குக்காக, ஓர் அலகில் 12 பிள்ளைகள் என்று வைப்போம். ஆளுக்கு மூன்று என்றால் 36 இலக்குகள். வருட முடிவில் 20 எட்டப்பட்டன, 16 எட்டப்படவில்லை. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் வேலை தொடங்குவது இங்கேதான்.

அந்த 16 ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து ஏன் என்று கேட்க வேண்டும். ஏழு இலக்குகள் பிள்ளை பாதி நாள் வராததால் தவறின. ஐந்து, பேச்சுச் சிகிச்சை கிடைக்காததால் தவறின. நான்கு, ஆரம்பத்திலேயே பிழையாக எழுதப்பட்டவை. இப்போது அடுத்த வருடத் திட்டம் தானாகவே கண்முன் வந்துவிடுகிறது. போக்குவரத்துக்கு வழி, சிகிச்சை நாளுக்கு ஒழுங்கு, ஆசிரியருக்கு இலக்கு எழுதும் பயிற்சி. "திறன்களை விருத்தி செய்தல்" என்ற வரியை வைத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனையிடம் எதையும் கேட்க முடியாது. "போக்குவரத்து இல்லாததால் ஏழு இலக்குகள் தவறின" என்ற வரியோடு போனால் கேட்கலாம். பாடசாலை அபிவிருத்திக் குழுவிலும் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 36 இல் 36 உம் எட்டப்பட்டால் கைதட்ட முன் யோசிக்க வேண்டும். இலக்குகள் மிகவும் தாழ்வாக இருந்திருக்கலாம். அமெரிக்காவில் 1975 இலிருந்தே இத்தகைய பிள்ளைகளுக்கு வருடாந்த இலக்கு எழுதுவது சட்டக் கடமை. அங்கேயும் பெயருக்கு ஒரு சிறு முன்னேற்றம் இருந்தால் போதுமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. போதாது, பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற அளவில் இலக்கு உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று 2017 இல் தீர்ப்பு வந்தது. ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் திட்டத்தில் வருடா வருடம் ஏறக்குறைய அதே இலக்குகளே திரும்பி வந்ததுதான் அந்த வழக்கின் தொடக்கம்.

இங்கிலாந்து வேறொரு பாடம் கற்றது. மிகக் கடுமையான இயலாமை உள்ள பிள்ளைகளையும் படிப்படியான ஒரே ஏணியில் வைத்து அளக்கும் முறை அங்கே 1990களின் இறுதியில் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஏறுவதில்லை என்பது பின்னர் தெளிவானது. 2016 இல் ஒரு மீளாய்வுக் குழு அந்த ஏணியைக் கைவிடச் சொன்னது. மிகக் கடுமையான கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை, பிள்ளை சுற்றியுள்ளவற்றில் எவ்வளவு ஈடுபடுகிறது என்று பார்க்கும் முறை அதற்குப் பதிலாக வந்தது. எண்ணுவது நல்லது. ஆனால் எண்ணுவதற்கு வசதியாகப் பிள்ளையை வெட்டக் கூடாது.

கண்டிக்கு உரிய மூன்று இலக்குகள்

பிள்ளைகளின் இலக்குகளுக்கு மேலாக, இந்தப் பகுதிப் பாடசாலைகளின் வருடத் திட்டத்தில் மூன்று விடயங்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

முதலாவது, மொழி. பேராதனையில் சிறுவர் வைத்தியசாலையே இருக்கிறது. ஆனால் தமிழில் வேலை செய்யக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையைச் சிங்களத்தில் சோதித்தால், மொழி தெரியாததும் அறிவு இல்லாததும் ஒன்றாகவே தெரியும். தமிழ்ப் பிள்ளை மதிப்பீட்டுக்குப் போகும்போது தமிழ் தெரிந்த ஒருவர் கூடப் போவார் என்பதை ஒரு வருட இலக்காக எழுதலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

இரண்டாவது, தூரம். இலங்கையின் தேயிலைத் தொழில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லரோடு தொடங்கியது இந்த ஹேவாஹெட்ட மலைகளில்தான். கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேர அன்றே வழி போட்டார்கள். நடக்க முடியாத பிள்ளை லயனிலிருந்து பிரதான வீதிக்கு வர இன்றும் அம்மாவின் இடுப்புத்தான் வாகனம். அம்மா பிள்ளையைக் கூட்டிப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. வரவை உயர்த்துவது இலக்கு என்றால், அந்த ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், முச்சக்கரவண்டி வைத்திருக்கும் அயலவர் எல்லோரையும் ஒரு மேசைக்கு அழைப்பதும் திட்டத்தில் ஒரு வேலைதான்.

மூன்றாவது, பதினாறு வயதுக்குப் பிறகு. அலகை விட்டுப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டு மூலைக்குப் போகிறார்கள், எத்தனை பேர் ஒரு தொழிலுக்கோ பயிற்சிக்கோ போகிறார்கள் என்று ஒவ்வொரு பாடசாலையும் எண்ண வேண்டும். சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒன்று வத்தேகமவிலேயே இருக்கிறது. பதினான்கு வயதிலேயே பிள்ளையை அழைத்துப்போய் அங்கே ஒரு நாள் காட்டிவருவது எழுதக்கூடிய இலக்கு, நிறைவேற்றக்கூடிய இலக்கு.

இழந்த வருடங்கள்

போரைக் கடந்து வந்த நமக்கு, ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒரு வருடம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 இல் முகாமுக்குள் ஐந்து வயதில் இருந்த பிள்ளை இன்று வளர்ந்த ஆள். செல் சத்தத்தில் செவி போன பிள்ளைகளும், பயத்தில் பேச்சு நின்ற பிள்ளைகளும் பின்னர் வகுப்புகளில் "மந்தம்" என்று ஓரமாக இருத்தப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். வருட ஆரம்பத்தில் யாராவது ஒருவர் "இந்தப் பிள்ளையால் இப்போது என்ன முடியும், என்ன முடியவில்லை, ஏன்" என்று மூன்று வரி எழுதியிருந்தால், அவர்களில் சிலருடைய பாதை வேறாக இருந்திருக்கும்.

அந்த மூன்று வரியைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. உங்கள் பிள்ளை விசேட கல்வி அலகில் படிக்கிறதா? வருட ஆரம்பத்தில் ஆசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வருடம் என் பிள்ளை புதிதாக எதைச் செய்யப் பழகும்? அதற்கு நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? அது நடந்ததா என்று நாம் எப்போது சேர்ந்து பார்ப்போம்? இது சண்டைக்கான கேள்வி அல்ல. பல பிள்ளைகளோடு தனியாக நிற்கும் ஆசிரியருக்கு இது துணையாகவும் இருக்கும்.

பதிலைத் தமிழில், ஒரு கொப்பித் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை அதை எடுத்துப் பாருங்கள். பாடசாலையின் திட்டத்தில் உங்கள் பிள்ளை இடம்பிடிப்பது அந்தத் தாளிலிருந்துதான்.